சேற்றில் உள்ள நச்சு உலோகம்: ஆய்வகத்தில் எந்த அளவீட்டைக் கேட்பது?

எண்ணூர் கழிமுகத்தில் ஒரே இடத்தில் அள்ளிய சேற்றை நன்றாகக் கலந்து, இரண்டு டப்பாக்களில் பிரித்து, இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆய்வகம் குரோமியம் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்கிறது. மற்றொன்று 115 என்கிறது. இரண்டிலும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவிதான் (கரைசலைப் பிளாஸ்மாச் சூட்டில் அயனியாக்கி, நிறையைக் கொண்டு தனிமத்தை அளப்பது). யார் தப்பு என்ற கேள்வி உடனே எழும். இரண்டு பேருமே சரியாக அளந்திருக்கலாம். முதல் ஆய்வகம் நைட்ரிக் அமிலத்தில் கரைந்து வந்த குரோமியத்தை அளந்தது. இரண்டாவது, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்து மணலையே கரைத்துவிட்டு அளந்தது. வந்தவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

சாம்பிள் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் "எந்த மெஷின்?" என்றுதான் கேட்கிறார்கள். வண்டலைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி "எந்த அமிலத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம்?" என்பது. தண்ணீர் சாம்பிளில் உலோகம் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. சேற்றில் அது களிமண்மேல் ஒட்டிக்கொண்டும், இரும்பு ஆக்சைடு பூச்சுக்குள்ளும், சல்ஃபைடாகவும், மணல் துகளின் படிகத்துக்குள் பூட்டப்பட்டும் இருக்கிறது. எதுவரை திறக்கிறோமோ அதுவரைதான் எண் வரும்.

கரைப்பு முறைகள்

நம் ஊர் ஆய்வக அறிக்கைகளில் அடிக்கடி பார்ப்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 3050பி முறை. உலர்ந்த சாம்பிள் 1 கிராம். அதில் ஒன்றுக்கு ஒன்று நீர்த்த நைட்ரிக் அமிலம் 10 மி.லி. ஊற்றி, கொதிக்கவிடாமல் 95 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம். ஆறியபின் அடர் நைட்ரிக் அமிலம் 5 மி.லி. சேர்த்து அரை மணி நேரம். பழுப்புப் புகை நிற்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பிறகு 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் 10 மி.லி.க்கு மிகாமல். வடிகட்டி 100 மி.லி. ஆக்கினால் முடிந்தது. ஐ.சி.பி.-ஓ.இ.எஸ். (பிளாஸ்மாவில் தனிமம் உமிழும் ஒளியை அளப்பது) அல்லது ஃபிளேம் ஏ.ஏ.எஸ்.ஸுக்கு (சுடரில் தனிமம் உறிஞ்சும் ஒளியை அளப்பது) என்றால் கடைசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. சேர்ப்பார்கள்.

இதற்கு ஹாட் பிளேட் போதும், செலவு குறைவு. 1 கிராம் எடுப்பதால் சாம்பிளின் சீரற்ற தன்மையும் ஓரளவு சமாளிக்கப்படும். இடர் ஹாட் பிளேட்டிலேயே இருக்கிறது. நடுவில் 95 டிகிரி என்றால் ஓரத்தில் அவ்வளவு இருக்காது. நடு பீக்கரில் அமிலம் வற்றும்போது ஓர பீக்கர் பாதிதான் கரைந்திருக்கும். ஒரு பீக்கர் முழுக்க வறண்டுவிட்டால் அமிலம் ஊற்றித் தொடராமல், அந்த சாம்பிளைப் புதிதாகத் தொடங்குவதே முறை. துளையுள்ள கிராஃபைட் பிளாக் வைத்திருக்கும் ஆய்வகத்தில் இந்த வேறுபாடு வெகுவாகக் குறையும்.

அடுத்தது மூடிய கலனில் மைக்ரோவேவ், 3051ஏ முறை. சாம்பிள் அரை கிராமுக்கு மேல் போகாது. நைட்ரிக் மட்டும் 10 மி.லி., அல்லது நைட்ரிக் 9 மி.லி.யுடன் ஹைட்ரோகுளோரிக் 3 மி.லி. ஐந்தரை நிமிடத்தில் 175 டிகிரிக்கு ஏற்றி, மொத்தம் 10 நிமிடம் ஆகும்வரை அந்தச் சூட்டில் வைப்பது. மூடிய கலன் என்பதால் ஆர்செனிக், பாதரசம் ஆவியாகிப் போகாது. சூடு எல்லாக் கலனுக்கும் ஏறத்தாழ ஒன்றே. இரும்பு, ஆன்டிமனி போன்றவற்றுக்கு ஹைட்ரோகுளோரிக் சேர்த்த கலவையே நல்லது. ஆனால் அந்தக் குளோரைடு பின்னால் ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸில் தொல்லை கொடுக்கும்.

மைக்ரோவேவில் கவனிக்க வேண்டியது கரிமப் பொருள். சாக்கடை கலந்த கறுப்புச் சேற்றில் அமிலம் பட்டதும் வாயு கிளம்பும். அமிலம் ஊற்றியபின் கால் மணி நேரமாவது கலனைத் திறந்துவைத்துவிட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, வால்வு வழியாக அமிலமும் சாம்பிளும் கசியும். கலனை முன்னும் பின்னும் எடை போட்டு, 1 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிட வேண்டும் என்பது முறையிலேயே எழுதியிருக்கிறது. எடை போடும் பழக்கம் உண்டா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி முழுக் கரைப்பு: 3052 முறை, நைட்ரிக் 9 மி.லி., ஹைட்ரோஃபுளோரிக் 3 மி.லி., 180 டிகிரி. சிலிக்கேட் உடைந்து உள்ளே இருப்பது வெளியே வரும். கண்ணாடிப் பாத்திரம் எதையும் இதில் பயன்படுத்த முடியாது, டெஃப்லான் வேண்டும். தோலில் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் எலும்புவரை போகும், உயிருக்கே ஆபத்து. கால்சியம் குளுகோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. இந்த வேலையைக் கேட்கும்போது அதைச் செய்யப்போகும் பணியாளரின் பாதுகாப்பையும் சேர்த்தே கேட்பது நம் கடமை.

இந்த 'முழு' கரைப்புக்கும் மசியாத கனிமம் உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குரோமைட் பாறை இருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்திலிருந்து வரும் மணலில் உள்ள குரோமியம் ஹைட்ரோஃபுளோரிக்கிலும் அடியில் கறுப்புத் துகளாகத் தங்கிவிடும். லித்தியம் மெட்டாபோரேட்டோடு உருக்கினால்தான் வரும். இல்லாவிட்டால் கரைக்காமலே எக்ஸ்-கதிர் ஒளிர்வில், அதாவது எக்ஸ்.ஆர்.எஃப்.பில், அளக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்று வண்டலில் தோல் பதனிடும் கழிவிலிருந்து வந்த குரோமியம் இதற்கு நேர் எதிர். அது ஹைட்ராக்சைடாகவும் கரிமப் பொருளோடு பிணைந்தும் இருப்பதால் சூடான அமிலத்தில் எளிதில் இறங்கிவிடும். இரண்டு இடத்திலும் முழு குரோமியம் 300 என்று வந்தாலும் ஒன்று பாறை, மற்றது கழிவு. நைட்ரிக் எண்ணையும் முழு எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

எண்ணூரின் நிலை வேறு மாதிரி. அங்கே சேற்றோடு கலந்திருப்பது அனல்மின் நிலையச் சாம்பல். சாம்பல் துகள் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த கண்ணாடி உருண்டை. உலையில் ஆவியான ஆர்செனிக், காட்மியம் போன்றவை குளிரும்போது உருண்டையின் மேற்பரப்பில் படிந்தவை; நைட்ரிக்கே அவற்றைக் கழற்றிவிடும். குரோமியம், நிக்கலில் ஒரு பங்கு கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். ஆகவே ஆர்செனிக்குக்கு 3051ஏ போதுமானதாக இருக்கும்போது, அதே கரைசலின் குரோமிய எண்ணை 'மொத்தம்' என்று எழுதுவது தவறாகும்.

நான்காவது வழி, வேண்டுமென்றே மெலிதாகக் கரைப்பது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வெளியே வரக்கூடும் என்பதே கேள்வி என்றால் இதுதான் வேண்டும். மட்டியும் நண்டும் உண்ணும் சேற்றுக்கு இதுவே நியாயமான கேள்வி. ஐரோப்பிய பி.சி.ஆர். (BCR) முறையில் ஒரே சேற்றை வெவ்வேறு கரைப்பான்களில் படிப்படியாகக் கரைக்கிறார்கள். முதல் படி: 1 கிராம் சேற்றுக்கு 0.11 மோலார் அசிட்டிக் அமிலம் 40 மி.லி., 16 மணி நேரம் ஷேக்கரில். அடுத்து ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு 0.5 மோலார், இது இரும்பு, மாங்கனீசுப் பூச்சைக் கரைக்கும். மூன்றாவதாகப் பெராக்சைடும் அம்மோனியம் அசிட்டேட்டும்; இவை கரிமப் பொருளையும் சல்ஃபைடையும் திறக்கும். மிச்சத்துக்கு இராஜ திராவகம், அதாவது ஹைட்ரோகுளோரிக்கும் நைட்ரிக்கும் சேர்ந்த கலவை.

ஒரு சாம்பிளுக்கு நான்கு கரைசல், நான்கு மடங்கு அளவீடு, ஏறத்தாழ ஒரு வார வேலை. அவ்வளவும் ஒரே ஒரு செயலால் வீணாகலாம். கழிமுகத்தின் கறுப்புச் சேற்றில் காட்மியமும் துத்தநாகமும் பெரும்பாலும் சல்ஃபைடாக இருக்கின்றன. அந்தச் சேற்றை வெயிலில் பரப்பி உலர்த்தினால் கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பாகும். கண்ணெதிரே சல்ஃபைடு ஆக்சிஜன் ஏறி உடைகிறது என்று பொருள். மூன்றாம் படியில் வர வேண்டிய காட்மியம் இப்போது முதல் படியிலேயே வந்துவிடும். அறிக்கை "மிக எளிதில் வெளியேறக்கூடியது" என்று சொல்லும். கடலடியில் அது அப்படி இருக்கவில்லை, நாம் உலர்த்தித்தான் அப்படி ஆக்கினோம். பி.சி.ஆர். கேட்பதென்றால் சேற்றை ஜாடியில் விளிம்புவரை அடைத்து, குளிரில் அனுப்பி, ஈரத்தோடே நைட்ரஜன் சூழலில் பிரிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் பி.சி.ஆரில் பணம் போடாதீர்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அறை வெப்பத்தில் 1 மணி நேரம் என்ற எளிய பிரிப்பு போதும். ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்கள் மொத்த அளவு வரம்பைத் தாண்டும்போது அடுத்த படியாக இதைத்தான் பார்க்கச் சொல்கின்றன.

கருவிகள்

கருவியைத் தேர்வதற்கு முன்னால் எந்த வரம்போடு ஒப்பிடப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். நன்னீர் வண்டலுக்கு 2000-இல் மெக்டொனால்ட், இங்கர்சால், பெர்கர் மூவரும் தொகுத்த எண்கள் பரவலாகப் புழங்குகின்றன: காட்மியத்துக்கு 0.99, ஈயத்துக்கு 35.8, பாதரசத்துக்கு 0.18 மி.கி./கி.கி. இவற்றுக்குக் கீழே உயிரினங்களுக்குத் தீங்கு நேர்வது அரிது. மேல் வரம்புகள் முறையே 4.98, 128, 1.06. கடல், கழிமுகத்துக்கு லாங்கும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் தந்த எண்கள் வேறு: கீழ் வரம்பில் காட்மியம் 1.2, ஈயம் 46.7, பாதரசம் 0.15. எண்ணூர்ச் சேற்றுக்கு நன்னீர் எண்ணைப் பொருத்துவது அடிக்கடி நடக்கும் பிழை.

இனி ஃபிளேம் ஏ.ஏ.எஸ். கணக்கைப் பாருங்கள். 1 கிராம் சேறு 100 மி.லி. கரைசலாகிறது, நூறு மடங்கு நீர்ப்பு. கரைசலில் நம்பி அளக்கக்கூடிய குறைந்தபட்சக் காட்மியம் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்றால், சேற்றில் அது 2 மி.கி./கி.கி. நாம் கேட்ட வரம்போ 1.2. கருவி எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அதனால் முடியாது. துத்தநாகம், செம்பு, மாங்கனீசுக்கு ஃபிளேம் தாராளமாகப் போதும். ஈயத்துக்கு விளிம்பில் நிற்கும். இன்னொன்றும் உண்டு: உப்புச் சேற்றின் கரைசல் 217, 228.8 நானோமீட்டர் அலைநீளங்களில் தானாகவே ஒளியை மறைக்கும். பின்னணித் திருத்தம் போடாமல் அளந்தால் அந்த மறைப்பெல்லாம் ஈயமாகவும் காட்மியமாகவும் எழுதப்பட்டுவிடும்.

சுடருக்குப் பதில் கிராஃபைட் குழாயில் சூடாக்கும் கிராஃபைட் ஃபர்னஸ் ஏ.ஏ.எஸ். இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு உலோகம், மெதுவான வேலை. உலோகம் முன்கூட்டியே ஆவியாகாமல் தடுக்கும் பல்லேடியம் போன்ற மாடிஃபையர் இல்லாவிட்டால் உப்பு அங்கேயும் கெடுக்கும். இரண்டு மூன்று உலோகம், இருபது சாம்பிள் என்றால் சரி.

ஐ.சி.பி.-ஓ.இ.எஸ். ஒரே ஓட்டத்தில் முப்பது தனிமங்கள் தரும். இரும்பு, அலுமினியமும் சேர்த்தே வரும். காட்மியத்தின் 228.802 நானோமீட்டர் ஒளிக்கோட்டின்மேல் ஆர்செனிக்கின் 228.812 உட்கார்ந்திருக்கிறது. ஆர்செனிக் அதிகமுள்ள சாம்பிளில் காட்மியத்துக்கு 214.44 கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸுக்குக் கீழ்எல்லை பிரச்சினையே இல்லை. ஆயிரம் மடங்கு நீர்த்தபின்னும் காட்மியம் 0.05 மி.கி./கி.கி. அளவில் தெரியும். அதன் சிக்கல் அடையாளக் குழப்பம். ஆர்கானும் குளோரினும் சேர்ந்தால் நிறை 75, ஆர்செனிக்கும் 75. குளோரின், ஆக்சிஜன், ஹைட்ரஜன் சேர்ந்தால் 52, குரோமியமும் 52. குளோரைடு எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு அமிலத்திலிருந்து, மறு பங்கு கடல்நீரிலிருந்து. 60 விழுக்காடு நீர் உள்ள கடற்சேற்றை அப்படியே உலர்த்தினால் உலர் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு உப்பாகவே இருக்கும். இப்படிச் சேர்ந்த அயனிகளை ஹீலியம் வாயுவில் மோதவிட்டு வடிக்கும் ஹீலியம் மோதல் செல் இந்த இரண்டையும் பெருமளவு விலக்கிவிடும். அறிக்கையில் ஹீலியம் மோட் என்று இருக்கிறதா பாருங்கள்.

ஹீலியத்தால் விலகாத குழப்பம் ஒன்று நம் தென்கோடிக் கரைக்கு உரியது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற அரிய மண் கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் நியோடிமியமும் சமேரியமும் நிறைய. நிறை 150 உள்ள இவற்றின் அயனி இரட்டை மின்னூட்டம் பெற்றால், நிறையை மின்னூட்டத்தால் வகுத்துப் பார்க்கும் கருவிக்கு 75 ஆகத் தோன்றும். அந்தக் கரைப்பக்க வண்டலில் ஆர்செனிக் எதிர்பாராமல் உயர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. ஆக்சிஜன் வினைச் செல்லில் ஆர்செனிக்கோடு ஆக்சிஜனைச் சேர்த்து நிறை 91-இல் அளக்கலாம், அல்லது ஆர்செனிக்கை வாயுவாக்கி அளக்கும் ஹைட்ரைடு முறையில் ஏ.ஏ.எஸ்.ஸில் சரிபார்க்கலாம்.

பாதரசத்தை மற்ற உலோகங்களோடு சேர்த்து ஒரே கரைசலில் கேட்காமல் இருப்பதே நல்லது. நேரடிப் பாதரசக் கருவியில், 7473 முறைப்படி, 50 முதல் 200 மில்லிகிராம் சேற்றைப் படகில் வைத்து எரித்து, ஆவியைத் தங்கத்தில் பிடித்து, 253.7 நானோமீட்டரில் அளக்கிறார்கள். அமிலமே இல்லை, சாம்பிளுக்குச் சில நிமிடம். எடுக்கும் அளவு சிறியது என்பதால் சேற்றை மாவாக அரைத்திருக்க வேண்டும். மும்முறை ஓட்டச் சொல்லுங்கள். கரைசலிலிருந்து பாதரச ஆவியைக் கிளப்பி அளக்கும் குளிர் ஆவி ஏ.ஏ.எஸ்.ஸும் சரியான விடையே தரும், கைவேலை அதிகம். எந்தக் கருவியானாலும் 105 டிகிரியில் உலர்த்திய சேற்றில் பாதரசம் பார்த்தால் ஒரு பங்கு முன்பே போயிருக்கும். 40 டிகிரிக்கு மேல் போகாமல், அல்லது உறைநிலையில் உலர்த்த வேண்டும். பகுப்பாய்வை 28 நாளுக்குள் முடிப்பது விதி. மற்ற உலோகங்களுக்கு ஆறு மாதம்வரை பொறுக்கலாம்.

கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவியைச் சிலர் ஆய்வகத்துக்கு மாற்றாகவே நினைக்கிறார்கள், சிலர் விளையாட்டுச் சாமானாக ஒதுக்குகிறார்கள். இரண்டும் சரியில்லை. நூறு இடங்களில் எங்கே ஈயம் அதிகம் என்று ஒரே நாளில் வரைபடம் போட இதைவிட நல்ல வழி கிடையாது. உலர்த்தி, சலித்து, கப்பில் அடைத்து அளக்க வேண்டும். ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் எண் தாழ்ந்துவிடும். காட்மியம், பாதரசத்தைச் சுற்றுச்சூழல் அளவுகளில் இது காணாது. ஈயத்தின் 10.55 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடும் ஆர்செனிக்கின் 10.54-உம் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால், ஈயம் ஆர்செனிக்கைப்போல் பத்து மடங்கு இருந்தால் ஆர்செனிக் எண்ணை நம்பக் கூடாது. இருபதுக்கு ஒரு சாம்பிளையாவது ஆய்வகத்தில் கரைத்து ஒப்பிட வேண்டும்.

இரண்டு அறிக்கைகளை அருகருகே வைக்கும்போது

முதலில் ஈர எடையா, உலர் எடையா? 60 விழுக்காடு நீருள்ள சேற்றில் ஈர எடைக்கு 20 என்பது உலர் எடைக்கு 50. வரம்புகள் எல்லாம் உலர் எடைக்கே. அடுத்து சல்லடை: 2 மில்லிமீட்டரா, 63 மைக்ரானா? உலோகம் நுண்துகளில் தங்குகிறது. மணல் அதை நீர்க்கச் செய்கிறது. பித்தளைச் சல்லடையில் சலித்தால் செம்பும் துத்தநாகமும் ஏறும். நைலான் வலைதான் வேண்டும். அரைக்க அகேட் உரல்.

செறிவுக் காரணி (அலுமினியத்தை அளவுகோலாக வைத்து, சாதாரணப் பாறையைப்போல் உலோகம் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்) போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சேற்றில் ஈயம் 40 மி.கி./கி.கி., உண்மையான அலுமினியம் 6 விழுக்காடு. ஒப்பீட்டுக்கு எடுக்கும் சராசரி ஷேல் பாறையில் ஈயம் 20, அலுமினியம் 8 விழுக்காடு. 40-ஐ 6-ஆல் வகுத்து, அதை 20-க்கு 8 என்ற விகிதத்தால் வகுத்தால் 2.7. இராஜ திராவகத்தில் கரைத்திருந்தால் அலுமினியத்தில் பாதி, 3 விழுக்காடு மட்டும் வந்தது என்று கொள்வோம். அதே கணக்கு இப்போது 5.3. சேறு மாறவில்லை, ஈயம் மாறவில்லை; மாசு மட்டும் தாளில் இரட்டிப்பாகிவிட்டது. அலுமினியத்தால் நெறிப்படுத்துவதென்றால் முழுக் கரைப்பு அல்லது எக்ஸ்.ஆர்.எஃப். அலுமினியம் கட்டாயம்.

தரச் சான்றையும் கரைப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். கனடாவின் மெஸ்-4, பேக்ஸ்-3 ஆகிய சான்றளிக்கப்பட்ட வண்டல்களின் (உலோக அளவு முன்பே உறுதிசெய்யப்பட்டவை) எண்கள் மொத்த அளவுக்கானவை. நைட்ரிக்கில் கரைத்த ஆய்வகம் அவற்றில் குரோமியம் 60 விழுக்காடுதான் மீட்டது என்றால் அது பிழை ஆகாது. அந்த முறை அவ்வளவுதான் திறக்கும். ஆனால் அதே ஓட்டத்தில் காட்மியமும் 60 விழுக்காடு என்றால் ஏதோ கெட்டிருக்கிறது, காட்மியம் அந்த அமிலத்தில் ஏறத்தாழ முழுக்க வர வேண்டியது. பி.சி.ஆருக்கு பி.சி.ஆர்.-701 என்ற தனிச் சான்றுப் பொருள் இருக்கிறது. ஸ்பைக் மீட்பு (தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்து அளக்கும்போது திரும்பக் கிடைக்கும் பங்கு) 75 முதல் 125 விழுக்காடு, இரட்டைச் சாம்பிள் வேறுபாடு 20 விழுக்காட்டுக்குள் என்பது வழக்கம். ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரச் சான்றிதழைக் காட்டினால் இணைப்புப் பட்டியலைப் புரட்டுங்கள். தண்ணீருக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வண்டலுக்கும் பெற்றிருக்கிறது என்று பொருள் கொள்ள முடியாது.

எதற்கு எது

வரம்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு எளிய முறை போதும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை தூர்வாரியபோது கோடு போட்டது 25 பி.பி.எம். (மி.கி./கி.கி.) பாதரசத்தில்; அந்த உயரத்தில் எந்த முறையும் உண்டு, இல்லை என்று சொல்லிவிடும். 0.15 என்ற கழிமுகக் கீழ் வரம்புக்கு அருகில் நிற்கும் சேற்றுக்கு உலர்த்தும் சூடுகூட முடிவை மாற்றும்.

தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற முடிவுக்கு 3051ஏ-யும் ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸும், பாதரசத்துக்கு 7473-உம் கேளுங்கள். மாசு எங்கிருந்து வந்தது என்று வாதிட வேண்டுமானால் அதே சாம்பிள்களில் ஐந்தில் ஒன்றுக்காவது முழுக் கரைப்பு வேண்டும். மீன், மட்டி பற்றிய கவலை என்றால் மொத்த அளவோடு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் பிரிப்பு. கைப்பணம் குறைவு, பரப்பு பெரிது என்றால் எக்ஸ்.ஆர்.எஃப்.பில் தொடங்கி, அதிகமாகத் தெரிந்த இடங்களை மட்டும் கரையுங்கள். பழைய ஆய்வின் எண்களோடு ஒப்பிட்டுக் காலப்போக்கில் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பவர்கள் மட்டும் நல்ல முறையைத் தேடாதீர்கள். பழைய ஆய்வு எதைச் செய்ததோ அதையே, அதே அமிலம், அதே சல்லடை என்று, செய்யச் சொல்லுங்கள்.

எந்த வழியில் போனாலும் உலர்த்திச் சலித்த சேற்றில் 50 கிராமையாவது அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் டப்பாவில் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். டப்பாமேல் தேதி, சல்லடை அளவு, உலர்த்திய வெப்பநிலை மூன்றும் இருக்கட்டும். எண்ணில் சந்தேகம் வரும் நாளில் இரண்டாவது ஆய்வகத்துக்கு அனுப்ப அந்த டப்பாதான் இருக்கும்.